ஜேம்ஸ் பிரவுனைப் புதிதாகக் கேட்பவருக்கு ஒற்றை வட்டுத் தொகுப்பு போதுமா?

ஊசிமுனை:
கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகன், அமெரிக்க ஸோல், ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனைக் கேட்க வேண்டும், எங்கே தொடங்கலாம் என்று சென்ற வாரம் கேட்டான். நான் தயங்காமல், பாலிடார் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட '20 ஆல்-டைம் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' வட்டை (சி.டி.) எடுத்துக் கொடுத்தேன். வெற்றிப் பாடல்களின் தொகுப்பு என்பது பொறுமை இல்லாதவர்களுக்கான சுருக்கவழி என்று இங்கே சில நண்பர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். மற்றப் பாடகர்களைப் பற்றி அது உண்மையாக இருக்கலாம், பிரவுனைப் பற்றி உண்மையில்லை என்பது என் துணிபு. அவர் 1956-இல் 'ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ்' பாடியதிலிருந்து எழுபதுகளின் நடுப்பகுதி வரை சிறு தட்டுகளுக்காகவே (சிங்கிள்) உழைத்தவர். பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் அந்தத் தட்டுதான் வானொலிக்கும், காசு போட்டால் பாடும் பெட்டிக்கும் போயிற்று. ஆகவே இருபது சிறு தட்டுகளை ஒன்றாகக் கோத்துக் கொடுப்பது அவருடைய இசையைச் சுருக்குவதாகாது. அது பிறந்த உருவத்திலேயே கொடுப்பதாகும்.

நான்காம்வட்டு:
ஊசிமுனை அவர்களே, பிறந்த உருவம் என்று நீங்கள் சொல்வது எது என்பதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. 1965 பிப்ரவரியில் வட கரோலினாவின் ஷார்லட் நகரில் 'பாப்பாஸ் காட் அ பிராண்ட் நியூ பேக்' பாடலைப் பதிவு செய்தபோது அது ஏறத்தாழ ஏழு நிமிடம் ஓடியது. கடைக்கு வந்த தட்டில் முன்பகுதியை வெட்டினார்கள், பாட்டை இரண்டு பக்கங்களாகப் பிரித்தார்கள், நாடாவின் வேகத்தையும் கூட்டினார்கள். அதனால் பிரவுனின் குரலே சற்று மேலேறி ஒலிக்கிறது. உங்கள் மருமகன் அந்த வட்டில் கேட்கப்போவது அந்தக் குரலைத்தான்.

அதே 1991-இல் வெளிவந்த 'ஸ்டார் டைம்' என்ற நான்கு வட்டுத் தொகுப்பில் இந்தப் பதிவு வெட்டில்லாமல், பழைய வேகத்திலேயே இருக்கிறது. இசை தொடங்குமுன் இது வெற்றி பெறப் போகிற பாட்டு என்று பிரவுன் உரக்கச் சொல்கிறார். பிறகு குழல்கள் (சாக்ஸபோன், டிரம்பட் போன்ற ஊதுகருவிகள்) ஒருமுறை வெடித்து அடங்க, அந்த இடைவெளியில் ஜிம்மி நோலனின் கித்தார் நரம்புகளைச் சுரண்டிக்கொண்டு ஓடுகிறது. மேஸியோ பார்க்கரின் சாக்ஸபோன் அவசரமில்லாமல் உள்ளே வருகிறது. கடையில் விற்ற தட்டில் பாட்டு ஓடுகிறது, இதில் நடக்கிறது. அந்த நடையைக் கேட்காதவருக்கு, 1965-இல் என்ன மாறிற்று என்பதை எத்தனை சொன்னாலும் விளங்காது.

ஊசிமுனை:
நீங்கள் சொல்லும் நீண்ட பதிவை நானும் போற்றுகிறேன். ஆனால் 1965-இல் அதை யார் கேட்டார்கள்? கறுப்பின மக்களின் இசைக்கான, ரிதம் அண்ட் ப்ளூஸ் எனும் ஆர்&பி பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது வேகம் கூட்டிய தட்டுதான். மக்களை ஆட வைத்ததும், மற்றப் பாடகர்களைத் தங்கள் வழியை மாற்றிக்கொள்ளச் செய்ததும் அதே தட்டுதான். பிரவுனுக்குத் தெரியாமல் யாரோ அதைக் கத்தரித்துவிடவும் இல்லை. தன் இசையில் ஒவ்வொரு அணுவையும் கட்டுக்குள் வைத்திருந்த மனிதர் அவர்.

அந்தக் காலத்து முழுநீளத் தட்டுகள் (ஆல்பம்) நம்பத் தகுந்தவையா என்றும் பாருங்கள். 1970-இல் வந்த 'செக்ஸ் மெஷின்' இரட்டைத் தட்டில் ஒரு பகுதி அரங்கில் எடுத்ததே அல்ல. பதிவுக்கூடத்தில் பாடியதன் மேல் கூட்டத்தின் கைதட்டலை ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயருக்குரிய பாட்டை, ஒட்டுவேலை இல்லாமல், பூட்ஸி காலின்ஸின் பாஸும் ஜாபோ ஸ்டார்க்ஸின் முரசும் பாபி பேர்டின் எதிர்க்குரலும் தெளிவாக நிற்கக் கேட்க வேண்டுமானால் சிறு தட்டின் பதிவுக்குத்தான் வர வேண்டும்.

தோல்வார்:
நீங்கள் இருவரும் பாடகரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் குறுக்கிட வேண்டியதாயிற்று. நான் சிறுவயதிலிருந்து டிரம்ஸ் வாசிப்பவன். ஒற்றை வட்டுத் தொகுப்பின் மேல் எனக்குள்ள மனக்குறை, எந்தப் பக்கத்தை வெட்டுகிறார்கள் என்பதுதான்.

1967-இன் 'கோல்ட் ஸ்வெட்' ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுவது. தட்டில் இரண்டு பகுதி. தொகுப்புகளில் பெரும்பாலும் முதல் பகுதியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் முரசுக்காரருக்கு இடம் கொடுங்கள் என்று பிரவுன் கூப்பிடுவதும், மற்றவர்கள் எல்லோரும் விலக, கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் தனியாக நிற்பதும் மறுபக்கத்தில். தட்டைத் திருப்பிப் போட்டவருக்கே அது கிடைத்தது.

'ஃபங்கி டிரம்மர்' கதை இன்னும் கொடுமை. 1969 நவம்பர் 20 அன்று சின்சினாட்டியில் கிங் நிறுவனத்தின் பதிவுக்கூடத்தில் எடுத்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால்தான் முரசு தனியாக ஒலிக்கும் அந்த இடம் வருகிறது. தனி ஆவர்த்தனம் வேண்டாம், கையில் இருப்பதை அப்படியே பிடித்துக்கொண்டிரு என்று பிரவுன் ஸ்டபிள்ஃபீல்டிடம் சொல்லிவிட்டு, எண்ணி, மற்ற வாத்தியங்களை நிறுத்துகிறார். எட்டே எட்டுச் சுற்று. இருபது விநாடி வரும். வலக்கை ஹை-ஹேட் என்னும் ஜோடித் தாளத்தில் இடைவிடாமல் ஓட, இடக்கை ஸ்நேர் என்னும் சிறு முரசைத் தட்டுவதோடு நில்லாமல் ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் சின்னச் சின்ன வருடல்களை விடுகிறது. ஓசையின் அளவைக் குறைத்துக் கேட்டால் அவை மறைந்துவிடும். ஆனால் அவற்றை எடுத்துவிட்டால் நடையே செத்துவிடும். நான் பல ஆண்டுகள் முயன்றும் அந்த வருடல்கள் என் கையில் அப்படி விழவில்லை.

இந்தப் பாட்டு வெளிவந்தபோது ஆர்&பி பட்டியலின் முதல் பத்துக்குள் வரவில்லை. 1986-இல் 'இன் த ஜங்கிள் குரூவ்' தொகுப்பில்தான் முதன்முதலாக ஒரு முழுநீளத் தட்டில் இடம் பெற்றது. அதற்குப் பிறகு பப்ளிக் எனிமி குழு உட்பட ராப் இசைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் அந்த இருபது விநாடியை எடுத்தாண்டார்கள். பாட்டெழுதியவர் என்ற இடத்தில் ஸ்டபிள்ஃபீல்டின் பெயர் இல்லாததால் அதற்குரிய உரிமைப் பணம் அவருக்கு வரவில்லை. 2017-இல் விஸ்கான்சினின் மேடிசன் நகரில் காலமானார். வெற்றி பெற்றவற்றை மட்டும் தொகுப்பது என்று முடிவு செய்தால், பிரவுனின் குழுவிலிருந்து உலகம் மிக அதிகமாக எடுத்துக்கொண்ட பாட்டுகளில் ஒன்று வாசலிலேயே நின்றுவிடுகிறது. அன்றைய விற்பனைப் பட்டியலை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஒருவருடைய சிறந்த படைப்புகளைப் பொறுக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

மாலைவானொலி:
தோல்வார் ஐயா எழுதியதைப் படித்ததும் மீண்டும் கேட்டேன். அந்த வருடல்கள் இன்றுதான் என் காதில் விழுந்தன. நன்றி.

ஆனாலும், தாளத்தைப் பற்றியே பேசுகிறவர்கள் பிரவுன் ஒரு பாடகர் என்பதை மறந்துபோகிறார்கள். நம் தாளக் கணக்கில் சமம் என்கிறோமே, அந்த முதல் அடியில் எல்லோரும் வந்து சேர வேண்டும் என்பதை அவர் தன் குழுவுக்குச் சட்டமாக்கியது அறுபதுகளின் நடுவில். அதற்கு முன் பத்தாண்டுகள் அவர் நின்றது தேவாலயத்துக் கதறலின் மேல். 'ப்ளீஸ்' பாட்டில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கெஞ்சுகிறார். ஒருமுறை கெஞ்சியது போல மறுமுறை இல்லை. அது வெற்றி பெற்றபின் வந்த ஒன்பது தட்டுகள் எடுபடாமல் போயின. 1958-இன் 'ட்ரை மீ'தான் அவரை மீட்டது. 'ஸ்டார் டைம்' இந்தக் காலத்துக்கும் இடம் தருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் நான்காம்வட்டு அவர்கள் பரிந்துரைக்கும்போது பேசுவது 1965-க்குப் பிந்தியதை மட்டுமே.

என்னைக் கேட்டால், இருபது பாட்டும் வேண்டாம், நான்கு வட்டும் வேண்டாம். 1962 அக்டோபர் 24 அன்று நியூயார்க்கின் அப்போலோ அரங்கில் பதிவு செய்த நிகழ்ச்சியைக் கொடுங்கள். அரைமணி நேரம்தான். கிங் நிறுவனத்தின் முதலாளி சிட் நேதன், தெரிந்த பாடல்களையே அரங்கில் பாடி வெளியிட்டால் யார் வாங்குவார்கள் என்று மறுத்துவிட்டதால், பிரவுன் தன் கைப்பணத்தைப் போட்டு அதைப் பதிவு செய்தார். 1963-இல் வெளிவந்தபோது பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறி, 66 வாரம் நிலைத்தது. அதில் 'லாஸ்ட் சம்ஒன்' பத்து நிமிடத்துக்கு மேல் போகிறது. அவர் குரலைத் தாழ்த்தும்போது அரங்கம் மூச்சடக்குகிறது. ஒரு பெண் தாங்க முடியாமல் வீறிடுகிறாள். அவர் அவளுக்காகவே அடுத்த அடியை நிறுத்தி வைக்கிறார். அந்த நிறுத்தத்தை எந்தச் சிறு தட்டும் தாங்காது.

நான்காம்வட்டு:
மாலைவானொலி அவர்கள் சொன்ன அதே பாட்டை அன்றைய தட்டில் முதல் பக்கத்தின் கடைசியிலும் இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்திலுமாகப் பிளந்துதான் வைத்திருந்தார்கள். கேட்டவர்கள் அந்த உருக்கத்தின் நடுவே எழுந்துபோய்த் தட்டைத் திருப்பினார்கள். அது அன்றைய தட்டின் குறை. பாட்டின் இயல்பு அல்ல. வட்டில் இடம் கிடைத்த பின்னும் அந்தக் குறையையே வரலாறு என்று காப்பாற்றுவது ஏன் என்பதுதான் என் முதல் கேள்வியும்.

ஊசிமுனை:
'கோல்ட் ஸ்வெட்' பற்றித் தோல்வார் சொன்னதை ஏற்கிறேன். பாதியைக் கொடுத்துவிட்டு முழுப் பாட்டின் பெயரைப் போடுவது சரியில்லை. பிரவுனின் குழுவில் சாக்ஸபோன் வாசித்த பீ வீ எல்லிஸ் அதன் குழல் வரியை ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்' இசையிலிருந்து கிளைத்ததாகச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட வரி ஏழு நிமிடம் திரும்பி வரும்போதுதான் பிடி இறுகுகிறது.

மற்றபடி என் நிலை மாறவில்லை. நான்கு வட்டுகளையும் எழுபதுக்கு மேற்பட்ட பாடல்களையும் ஒரே நாளில் கையில் திணித்தால் பையன் மிரண்டு ஓடிவிடுவான். நேற்று இரவு தொலைபேசியில் அழைத்தான். 'இட்ஸ் அ மேன்ஸ் மேன்ஸ் மேன்ஸ் வேர்ல்ட்' பாட்டைப் பதினொரு முறை கேட்டதாகச் சொன்னான். ஆண்களின் உலகம் என்று பெருமை பேசிக்கொண்டே வந்தவர், பெண் இல்லாவிட்டால் அது ஒன்றுமில்லை என்னும் இடத்தில் ஏன் உடைந்துபோகிறார் என்று கேட்டான். அந்தப் பாட்டை அவரோடு சேர்ந்து எழுதியவர் பெட்டி ஜீன் நியூசம் என்ற பெண் என்று சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இதற்கு முன்னால் இவர் என்ன பாடினார் மாமா என்றான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறான். அப்போலோ தட்டை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.