ஜிபியு வரைந்த ஃபிரேமை சிபியுவில் படிக்க ஏன் இவ்வளவு நேரம்?

கேள்வி: வல்கனில் (ஜிபியுவை இயக்கும் கிராஃபிக்ஸ் ஏபிஐ) 1920×1080 ஆர்ஜிபிஏ ஃபிரேமை (சுமார் 8.3 எம்பி) மேப் செய்து (அந்த மெமரியை சிபியு நேரடியாகத் தொடும்படி இணைத்து) படிக்கிறேன். மெமரி ஹோஸ்ட்-விசிபிள் (சிபியு அணுகக்கூடியது), ஹோஸ்ட்-கோஹெரன்ட் (கேஷைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டாதது). எழுதுவது வேகம், படிப்பதுதான் நகரவே மாட்டேன் என்கிறது.

பதில் 1: அந்த வகை பெரும்பாலும் ரைட்-கம்பைன்டு (எழுதுவதைச் சேர்த்து மொத்தமாக அனுப்புவது). சிபியு கேஷில் எதுவும் தங்காது, ஒவ்வொரு ரீடும் நேராக மெமரிக்கே போகும். படிப்பதற்கு ஹோஸ்ட்-கேஷ்டு (சிபியு கேஷில் தங்கும்) வகையை எடுங்கள்.

பதில் 2: ஆனால் அந்த ஹோஸ்ட்-கேஷ்டு வகை கோஹெரன்ட்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபென்ஸ் (ஜிபியு வேலை முடிந்ததைச் சொல்லும் அடையாளம்) முடிந்தபின் இன்வாலிடேட் (கேஷில் உள்ள பழைய தரவைச் செல்லாததாக்கும் அழைப்பு) அழைக்க வேண்டும். மறந்தால் பழைய பிக்சல்கள் திட்டுத்திட்டாகத் தெரியும். அந்த அழைப்பில் தரும் ஆஃப்செட்டையும் (தொடக்க இடம்) அளவையும் 256 பைட் மடங்காக வையுங்கள், எந்த டிரைவரிலும் செல்லும். ஹோஸ்ட்-ரீட் பேரியர் (ஜிபியு எழுதியதை சிபியு படிக்கத் தயாராக்கும் கட்டளை) கோஹெரன்ட், கோஹெரன்ட் அல்லாதது என்ற இரண்டு வகைக்கும் தேவை. பலர் விடுவது இதைத்தான்.

பதில் 3: யூனிஃபார்ம் பஃபரையும் (ஜிபியு நிரலுக்கு சிபியு மதிப்புகளை எழுதித் தரும் இடம்) சேர்த்து ஹோஸ்ட்-கேஷ்டுக்கு மாற்றிவிடாதீர்கள். எழுத மட்டும் என்றால் ரைட்-கம்பைன்டே நல்லது. வரிசையாக எழுதுங்கள், மேப் செய்த இடத்தில் நேரடியாகக் கூட்டினால் (+= போல) அதுவும் ஒரு ரீடுதான்.