சுவீகாரம் போன தாத்தாவை வம்சாவளியில் எப்படிப் பதிவது?

வணக்கம். கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருளில் எங்கள் வம்சாவளியை ஏற்றிக்கொண்டு வந்தவன் தாத்தாவிடம் நின்றுவிட்டேன். அண்ணன் தம்பி இருவரில் அவரைப் பெற்றவர் தம்பி. பிள்ளையில்லாத அண்ணன் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். 1956 இந்து தத்தெடுப்புச் சட்டத்துக்கு முந்தைய சங்கதி, பத்திரம் கிடையாது. பாட்டியின் நோட்டில் பென்சிலால் 'பெரியவருக்குக் கொடுத்த பிள்ளை' என்று ஒரு வரி, அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகையில் வளர்த்தவர் பெயர்தான் இருக்கிறது.

இரண்டு குடும்பத்திலும் தாத்தாவைப் பிள்ளையாகச் சேர்த்து, ஒன்றில் பிறப்பு, மற்றதில் தத்து என்று அப்பா அம்மா இருவருக்கும் தனித்தனியே உறவைக் குறித்துவிட்டேன். சரி, ஆனால் வரைபடம் முதலில் வைத்த குடும்பத்தைத்தானே காட்டுகிறது, யாரை முதலில் வைப்பது? கொள்ளி வைத்தது வளர்த்தவருக்கு. அவரை வைத்தால் அப்பா வழி எப்படியும் ஒன்றுதான், பெற்ற தாய்வழி சொந்தம் மொத்தமும் விட்டுப்போகிறது, அது மனசுக்கு ஒப்பவில்லை.

அப்புறம், வம்சாவளியை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் கெட்காம் கோப்பாக எடுத்து, என் தம்பியின் மென்பொருளில் திறந்தால் தத்துக் குறிப்பே காணோம், தாத்தா இருவருக்கும் பெற்ற பிள்ளையாக நிற்கிறார். கெட்காம் 5.5.1-இல் 'பெடி' என்ற குறியில் தத்து என்று எழுத இடம் உண்டு. அதோடு தத்தைத் தனி நிகழ்வாகவும் பதிந்தால் குறிப்பு தொலையாமல் தப்புமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். இரண்டு அம்மாக்களும் ஒரே தாளில் வரவேண்டும் எனக்கு.