முகத்தில இருக்கிற முடியை வீட்டிலயே வழிக்கலாமோ? தாடி வந்திடும் எண்டு அம்மா பயப்பிடுறா

பாலைப்பழம்:

எல்லாருக்கும் வணக்கம். நான் புதுக்குடியிருப்புப் பக்கம், வயசு 23, முன்பள்ளியில படிப்பிக்கிறன். வீட்டில இதைப் பற்றி வாய் திறந்தா ஏச்சுத்தான் விழும், அதால இங்க கேக்கிறன், தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

எனக்கு ரெண்டு சொக்கையிலயும் காதடியில இருந்து நாடி வரைக்கும் பூனைமுடி, மேலுதட்டிலயும் நல்லா இருக்கு. சின்னனில இருந்தே இருக்கிறதுதான், முந்தி பெரிசா யோசிக்கேல்ல. வாற ஆவணியில அக்காவுக்குக் கல்யாணம், போன கிழமை மேக்கப் செய்யிற அக்கா ஒராள் வந்து எனக்கும் சும்மா ஒருக்காப் போட்டுப் பாத்தவ, பவுண்டேசன் எல்லாம் அந்த முடியில ஒட்டிக்கொண்டு நிண்டுது, வெளி வெளிச்சத்தில எடுத்த போட்டோவில முகத்தில மா தடவின மாதிரி இருக்கு. அது கூடப் பறவாயில்லை. முன்பள்ளியில ஒரு சின்னன் மடியில ஏறி இருந்து என்ர மேலுதட்டை விரலால தடவித் தடவிப் பாத்திட்டு "ரீச்சர், எங்கட அப்பாவுக்கும் இது இருக்கு" எண்டுது. ஒண்டும் அறியாத பிள்ளை, நான் தலையைத் தடவி விட்டிட்டு இருந்திட்டன், ஆனா அண்டைக்கு இரவு நித்திரை வரேல்ல.

நூல் போட்டு எடுத்துப் பாத்தனான். அடுத்த நாளே மேலுதடு முழுக்க வேர்க்குரு மாதிரி பொங்கி, அது அடங்க 10 நாள் எடுத்துது, கறுத்த அடையாளம் இப்பவும் கிடக்கு. இப்ப ஒரு சிநேகிதி சொல்லுறாள் பெம்பிளையளுக்கெண்டு சின்ன றேசர் இருக்காம், அதால மெல்லமா வழிச்சா சரியாம். அம்மாட்ட கேட்டா "பிளேட் பட்டா ஆம்பிளையள் மாதிரி தாடி முளைக்கும், பிறகு உன்னை ஆர் கட்டுறது" எண்டு அழாத குறை. உண்மையிலயே தடிச்சு வளருமோ? செய்யிறதெண்டா எப்பிடிச் செய்யிறது? இன்னொண்டு, நாடிக்குக் கீழ மட்டும் அஞ்சாறு முடி கறுப்பா, மொத்தமா இருக்கு, ரெண்டு வருசமாத்தான் அது. அதை நான் புடுங்கிறனான். அதையும் சேத்து வழிக்கலாமோ?

குளக்கட்டு:

தங்கச்சி, நான் கிளிநொச்சி, வயசு 34, நாலு வருசமா வழிக்கிறன், தாடியும் வரேல்ல மீசையும் வரேல்ல. முதல்ல நான் விட்ட பிழையைச் சொல்லுறன். முதல் தரம் இவரின்ர பழைய றேசரை எடுத்து, சவர்க்காரம் போட்டு, குளிக்கேக்கையே கண்ணாடியும் இல்லாமல் இழுத்தனான். நாடியில வெட்டு, சொக்கை முழுக்க எரிவு, மூண்டு நாளா முகத்தில கை வைக்கேலாது. பிழை முறையிலதான் எண்டு பிறகுதான் விளங்கினது.

இப்ப செய்யிறது இப்பிடி. ஐபுரோ றேசர் எண்டு கேட்டா பான்சிக் கடையளில தருவினம், நீட்டுப் பிடி, ஒரே ஒரு பிளேட், பிளேட்டின்ர விளிம்பில சீப்புப் பல்லு மாதிரி சின்னதா ஒரு காவல் இருக்கும். அந்தக் காவல் இருக்கிறதாப் பாத்து வேண்டுங்கோ, அது இல்லாட்டித் தோலுக்குள்ள இறங்கும். பின்னேரம் அஞ்சு மணி போல விறாந்தையில கதிரையைப் போட்டு, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டு இருப்பன். லைற் வெளிச்சத்தில பூனைமுடி தெரியாது, தெரியாட்டி ஒரே இடத்தை மூண்டு நாலு தரம் இழுப்பீங்கள், அதுதான் எரியிறது. பின்னேரம் செய்தா இன்னொரு வசதி, வழிச்ச தோல் உடனயே வெயிலில போகத் தேவையில்லை.

முகத்தைக் கழுவி, துவாயால ஒத்தி எடுத்து, மணம் இல்லாத மொய்ஸ்சரைசர் ஒரு மெல்லிசாப் பூசுங்கோ. கற்றாளை பூசுறவையும் இருக்கினம், வீட்டு மரத்தில வெட்டுறதெண்டா வெட்டின உடன வடியிற அந்த மஞ்சள் பாலை நல்லா வடிய விட்டிட்டுக் கழுவிப் போட்டு உள்சோத்தை மட்டும் எடுக்கோணும், அந்தப் பால் தோலைக் கடிக்கும். பிறகு ஒரு கையால காதுக்குக் கிட்டத் தோலை மேல இழுத்துப் பிடிச்சு, றேசரைச் சாய்ச்சு, 45 பாகை எண்டு வையுங்கோவன், முடி எந்தப் பக்கம் படுத்திருக்கோ அந்தப் பக்கமே, மேலயிருந்து கீழ, குட்டிக் குட்டியா இழுங்கோ. அமத்தக் கூடாது, றேசரின்ர பாரமே காணும். மேலுதட்டுக்கு உதட்டைப் பல்லுக்கு மேலால உள்ள மடிச்சுப் பிடிச்சா தோல் இழுபட்டு நிக்கும். ஒவ்வொரு இழுவைக்கும் பிளேட்டைப் பஞ்சில துடைக்கோணும், முதல் தரம் அந்தப் பஞ்சைப் பாக்கேக்க நீங்களே அதிசயப்படுவீங்கள், சாம்பல் நிறத்தில பஞ்சுக்கு மேல இன்னொரு பஞ்சு மாதிரி முடியும் செத்த தோலும் வந்து கிடக்கும்.

முடிஞ்ச உடன சும்மா குளிர்தண்ணியால கழுவி மொய்ஸ்சரைசர், அவ்வளவுதான், அண்டைக்கு வேற ஒண்டும் போடாதேங்கோ. எங்கட கிணத்துத் தண்ணி சரியான கல்லுத்தண்ணி, சவர்க்காரம் போட்டா முகத்தில படையாப் பிடிச்சுக்கொண்டு போகாது, அதால நான் இதுக்கு மட்டும் ஆர்.ஓ மெசினில வடிச்ச தண்ணி ஒரு போத்தல் எடுத்து வைக்கிறனான். அடுத்த நாள் வெளிய போனா எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிறீம் கட்டாயம், முகத்துக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்கோணும், பொட்டு மாதிரித் தொட்டுப் பூசினா வேலையில்லை. பரு பழுத்து நிக்கிற இடம், புண், உதட்டில கொப்புளம், இதுகளுக்கு மேலால பிளேட் போகவே கூடாது. றெற்றினோல், அசிட் எண்டு தோலை உரிக்கிற கிறீம் ஏதும் இரவில பூசுறனீங்கள் எண்டா ரெண்டு மூண்டு நாளுக்கு முன்னமே விடுங்கோ, வழிச்சாப் பிறகும் ரெண்டு மூண்டு நாள் பொறுங்கோ.

கல்யாணத்துக்கு முதல் நாள் முதல் தரமாச் செய்து பாக்கிறேல்ல. இப்பவே ஒரு சொக்கையில கொஞ்ச இடம் செய்து பாருங்கோ, ஒரு கிழமை விடுங்கோ. எல்லாம் சரியெண்டா கல்யாணத்துக்கு ரெண்டு மூண்டு நாளுக்கு முன்னம் முழுசாச் செய்தாக் காணும்.

மாமரத்தடி:

பிள்ளை, கோவிக்காதேங்கோ, எனக்கு 61 வயசு, அம்மா சொல்லுறதையும் கொஞ்சம் கேளுங்கோ. நாங்கள் பச்சைப்பயத்தம் மாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைச்சுப் பூசித் தேச்சுத்தான் இருந்தனாங்கள். பிளேட் முகத்துக்குச் சரிவராது எண்டுதான் என்ர மனம் சொல்லுது.

நெல்லுத்தாள்:

மாமரத்தடி அம்மா, நீங்கள் சொல்லுற பயத்தம் மா தோலுக்கு நல்லதுதான், நானும் பூசுறனான். முடி போறது அந்தத் தேய்ப்பில கொஞ்சம் உரஞ்சுபட்டுப் போறதுதான், வேரை ஒண்டும் செய்யாது, கனக்கத் தேச்சா முகம் கறுக்கவும் செய்யும்.

நான் மல்லாவிப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிறன், அதால தாடிக் கதைக்கு மட்டும் பதில் சொல்லுறன். முடி வளருற இடம் தோலுக்குக் கீழ இருக்கிற வேர்ப்பை. எவ்வளவு தடிப்பு, என்ன நிறம், எவ்வளவு கெதி, எல்லாம் அங்கதான் முடிவாகிறது. பிளேட் வெட்டுறது தோலுக்கு மேல நிக்கிற, ஏற்கனவே உயிரில்லாத துண்டை. மேல வெட்டினது கீழ இருக்கிற வேருக்குத் தெரியவே தெரியாது.

அப்ப ஏன் சொரசொரக்குது? அரிவி வெட்டின வயலில வெறுங்காலோட நடந்து பாத்திருப்பீங்கள்தானே, தாள்க்கட்டை எப்பிடிக் குத்தும். அதே நெல்லு நிக்கேக்க நுனியைக் கையால தடவினா மெத்தெண்டு இருந்தது. வெட்டினபடியால் நெல்லு மொத்தமாப் போச்சு எண்டு ஆரும் சொல்லுறேல்ல. முடியும் அப்பிடித்தான், நுனி கூராப் போய் முடியிறது, நடுவால வெட்டினா மொட்டையா நிக்கும், விரலுக்குத் தட்டுப்படும், வளர வளர அது போயிடும்.

இதை ஆராய்ஞ்சும் பாத்தாச்சு. 1928ல அமெரிக்காவில மில்ட்ரெட் டிரொட்டர் எண்ட உடற்கூற்று விஞ்ஞானி ஆம்பிளையளின்ர முகச்சவரத்தை வைச்சுப் பாத்தவ, சவரத்தால முடி கெதியா வளரவும் இல்லை, தடிக்கவும் இல்லை. பிறகு 1970ல 5 பேருக்கு ஒரு காலை மட்டும் கிழமைக்கு ஒருக்கா மாசக்கணக்கா வழிச்சு, மற்றக் காலை அப்பிடியே விட்டு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தவை, வித்தியாசம் இல்லை. எங்கட ஆக்கள் நம்புறதுக்குக் காரணம் பெடியள்தான். 15, 16 வயசில சேவ் எடுக்கத் தொடங்குவாங்கள், அந்த வயசில ஓமோனால தாடி தானாவே தடிக்கிற காலம், பழி பிளேட்டில போய் விழுந்திட்டுது.

அம்மாவுக்கு இந்த நெல்லுத்தாள் கதையைச் சொல்லிப் பாருங்கோ, வயலோட இருக்கிற ஆக்களுக்கு உடன விளங்கும்.

வவுனியா ஸ்ரோர்ஸ் ரோட்:

நான் வவுனியாவில ஒரு பாமசியில 9 வருசமா வேலை. ரெண்டு விசயம் சொல்லோணும், ரெண்டும் நான் கண்ணால பாக்கிறது.

முதலாவது வெள்ளையாக்கிற கிறீம். பேரில்லாத டப்பாவில, ஆரோ வீட்டில கலந்து வற்ஸப்பில விக்கிறது. அதில கனக்கவற்றில பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் மாதிரி ஸ்ரீரொயிட் மருந்து கலந்திருக்கும். பூசின ரெண்டு கிழமையில முகம் பளிச்செண்டு வரும், பிள்ளையள் சந்தோசப்படுங்கள், மாசக்கணக்காப் பூசேக்க தோல் மெல்லிசாகி, சிவந்து, பரு பொங்கி, அதோட முகத்தில முடியும் கூடும். ஓம், முடி கூடும். எங்களிட்ட வந்து முடி போக என்ன இருக்கெண்டு கேக்கிற பிள்ளையளிட்ட நான் முதல் கேக்கிறது என்ன கிறீம் பூசுறீங்கள் எண்டுதான். தங்கச்சி, கல்யாணம் வருதெண்டு நீங்களும் அப்பிடி ஏதும் பூசுறீங்கள் எண்டா டப்பாவோட தோல் டொக்டரிட்டப் போங்கோ, கன காலம் பூசினதைத் திடீரெண்டு நிப்பாட்டினாலும் முகம் எரிஞ்சு பொங்கும், அவை சொல்லுற மாதிரிக் குறைக்கோணும். அந்த முகத்தில பிளேட் வைக்கவே வேண்டாம்.

ரெண்டாவது, பிளேட்டை ஆரோடயும் பங்கு போடாதேங்கோ, அக்கா தங்கச்சி எண்டாலும். கண்ணுக்குத் தெரியாத கீறல் காணும், ஹெபற்றைற்றிஸ் பி மாதிரி ரத்தத்தால பரவிற வருத்தம் தொத்திறதுக்கு. நாங்கள் முகாமில இருந்த காலத்தில ஒரு றேசரை நாலு கூடாரத்து ஆம்பிளையள் மாறி மாறிப் பாவிச்சவை, அப்ப வேற வழி இல்லை. இப்ப ஒரு றேசர் ஒரு தேத்தண்ணியும் வடையும் குடிக்கிற காசுக்கு வருது. நாலைஞ்சு தரம் பாவிச்சா எறியுங்கோ, இழுபடுற மாதிரி இருந்தா அதுக்கு முதலே எறியுங்கோ, துரு பிடிக்கும் மட்டும் குளியலறையில தொங்க விடாதேங்கோ.

முடி கழட்டுற கிறீமைப் பற்றியும் கேப்பீங்கள். கால் கைக்கெண்டு விக்கிறதை முகத்துக்குப் போடாதேங்கோ, முகத்துக்கெண்டு தனியா எழுதியிருக்கிறதையும் பெட்டியில போட்டிருக்கிற நேரத்துக்கு மேல ஒரு நிமிசம் விட்டாலும் சுட்டுப்போடும்.

வற்றாப்பளை மச்சாள்:

எல்லாரும் சொக்கையைப் பற்றிச் சொல்லிட்டீங்கள், நான் நாடிக்கு வாறன். நான் தாதி, முல்லைத்தீவுப் பக்கம். பாலைப்பழம், சொக்கையில இருக்கிற மெல்லிசுப் பூனைமுடி எல்லாப் பெம்பிளையளுக்கும் கூடக்குறைய இருக்கிறது, அது வருத்தம் இல்லை. ஆனா நாடிக்குக் கீழ ரெண்டு வருசத்துக்குள்ள கறுப்பா மொத்தமா வந்த முடி வேற கதை. வழிக்கலாம், ஒரு பிரச்சினையும் இல்லை, புடுங்கிறதை விட நல்லது, புடுங்கினா முடி உள்ளுக்கால சுருண்டு வளந்து பழுக்கும். ஆனா அது ஏன் வந்தது எண்டு ஒருக்காப் பாக்கோணும்.

உங்களுக்குப் பீரியட்ஸ் ஒழுங்கா வருதோ? 35 நாளுக்கு மேல தள்ளித் தள்ளிப் போகுதோ, வருசத்துக்கு எட்டுத் தரத்தை விடக் குறையவோ? முகப்பரு, தலைமுடி நடு வகிட்டில ஐதாப்போறது, கழுத்துப் பின்பக்கம் கறுத்துத் தடிச்சுப் போறது, இதுகள் ஏதும் இருக்கோ? இருந்தா பி.சி.ஓ.எஸ் ஆக இருக்கலாம், ஓமோன் குழம்பி சூலகத்தைப் பாதிக்கிற ஒரு நிலை அது. பிள்ளை பெறுற வயசில பத்துப் பெம்பிளையளில ஒராளுக்குக் கிட்ட இது இருக்கு, கனபேருக்கு இருக்கிறதே தெரியாது. ஒழுங்கில்லாத பீரியட்ஸ், ஆண் ஓமோன் கூடினதுக்கு அடையாளம், ஸ்கானில சூலகத்தில தெரியிற மாற்றம், இந்த மூண்டில ரெண்டு இருந்து வேற காரணம் இல்லையெண்டாத்தான் டொக்டர் அப்பிடிச் சொல்லுவார். ஒண்டும் இல்லாமல் குடும்ப வழியா வாற ஆக்களும் இருக்கினம், அதால பயப்பிட வேண்டாம். ஆனா குரல் தடிச்சு, ரெண்டு மூண்டு மாசத்துக்குள்ள முடி மளமளவெண்டு வந்தா மட்டும் அடுத்த நாளே போகோணும்.

லேசருக்குக் காசு கட்டுறதுக்கு முதலும் இதைப் பாருங்கோ. ஓமோன் கூடியிருக்கேக்க லேசர் அடிச்சா திரும்பத் திரும்ப வரும், எங்கட மாதிரி மாநிறத் தோலில மெல்லிசுப் பூனைமுடிக்கு அடிச்சு முடி இன்னும் கூடினதும் நடக்கிறது.

பாலைப்பழம்:

எல்லாருக்கும் சரியான நன்றி. குளக்கட்டு அக்கா, நேற்றுப் பின்னேரம் நீங்கள் சொன்ன மாதிரியே இடப்பக்கச் சொக்கையில காதடியில மட்டும் செய்து பாத்தனான். எரிவு இல்லை. இண்டைக்குக் காலம விரலால தடவினா அந்த இடம் மட்டும் வழுவழுப்பா இருக்கு. வெள்ளையாக்கிற கிறீம் நான் பூசுறேல்ல, ஆனா அக்கா ரெண்டு மாசமா ஒண்டு பூசுறா, அதை இண்டைக்கே கதைக்கிறன்.

அம்மாவுக்கு நெல்லுத்தாள் கதை சொன்னனான். "அது சரிதான்" எண்டு மட்டும் சொன்னவ, பிறகு ஒண்டும் கதைக்கேல்ல.

மச்சாள், பீரியட்ஸ் எனக்கு ரெண்டு மாசம், சில நேரம் மூண்டு மாசம் போய்த்தான் வரும். கலியாணம் கட்டினா சரிவரும் எண்டு பெரியம்மா சொன்னவ, அதால விட்டிட்டன். கிளினிக்குக்குப் போறதெண்டா அங்க என்னெண்டு சொல்லுறது? ஆம்பிளை டொக்டர் எண்டா எனக்கு வாய் வராது.

வற்றாப்பளை மச்சாள்:

கட்டினாச் சரிவராது அம்மா, அதை நம்பி விட்டிடாதேங்கோ. ஆஸ்பத்திரியில ஓ.பி.டி.க்கு, வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கோ, காசு ஒண்டும் இல்லை, பெம்பிளை டொக்டர் வேணுமெண்டு பதியிற இடத்திலயே கேளுங்கோ, கேக்கிறதில ஒரு பிழையும் இல்லை. வெக்கமா இருந்தா உங்கட பக்கத்துக் குடும்பநல மாதுவிட்ட முதல் கதையுங்கோ, அவ வழி காட்டுவா.

ஒரு கொப்பித்தாளில கடைசி ஆறு தரம் பீரியட்ஸ் வந்த திகதி, எத்தினை நாள் நிண்டது, நாடி முடி எந்த மாசம் போல தொடங்கினது, குடும்பத்தில ஆருக்கும் சீனி வருத்தம் இருக்கோ, இவ்வளவையும் எழுதிக்கொண்டு போங்கோ. வாய் வராட்டித் தாளை நீட்டுங்கோ. மற்றது, சொக்கையை வழியுங்கோ, நாடியை மட்டும் டொக்டர் பாக்கும் வரைக்கும் தொடாதேங்கோ, புடுங்கவும் வேண்டாம். அந்த முடி டொக்டர் கண்ணால பாக்க வேண்டியது. ஆவணிக்கு இன்னும் நாள் கிடக்கு, பாத்து முடிஞ்ச அண்டைக்கே வழிக்கலாம்.