க்ளாட் பஸ்டரா, லஞ்ச் பாக்ஸா, இல்லை இரண்டுமே வேண்டாமா?

ராமநதிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். ஜப்பானிய டாமியா கம்பெனியின் பழைய ரிமோட் மான்ஸ்டர் டிரக் கிட் (பாகங்களை நாமே பூட்டிக் கட்டும் பெட்டி) ஒன்றை வாங்கி, முழுப்பரீட்சை லீவில் மகனோடு உட்கார்ந்து கட்டலாம் என்றிருக்கிறேன். அவன் ஏழாம் வகுப்பு. மூன்று வண்டிகள் மனதில் இருக்கின்றன. 1986-ல் வந்த மான்ஸ்டர் பீட்டில், 1987-ல் வந்த லஞ்ச் பாக்ஸ், அதே வருடத்து க்ளாட் பஸ்டர். மூன்றையுமே டாமியா பிற்காலத்தில் திரும்ப வெளியிட்டதால் புதுப் பெட்டியாகவே தேடலாம். எண்பதுகளின் கடைசியில் சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த காட்டலாக்கில் க்ளாட் பஸ்டரைப் பார்த்ததிலிருந்து ஆசை. ஆனால் விலை, வரி, உதிரிபாகம் என்று யோசித்தால் கை பின்வாங்குகிறது. ஓட்டப்போவது கடையத்துப் பக்கம்: அறுப்பு முடிந்த வயல், வாய்க்கால் கரை, நெல் காயப்போடும் களம். எதைக் கட்டலாம்? காரணத்தோடு சொல்லுங்கள்.

பாளை ஸ்பானர்:
லஞ்ச் பாக்ஸ், அண்ணாச்சி. ஒரு மோட்டார், பின்சக்கர இழுவை, மூடிய கியர் பெட்டி, குறைவான பாகங்கள். முதல் தடவை கிட் கட்டும் பையன் இரண்டு மூன்று நாளில் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துவிடுவான். அந்தச் சந்தோஷம் சீக்கிரம் கிடைக்க வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி குறைவு, வேன் உடம்பு உயரம், அதனால் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று கொடுத்தால் முன்சக்கரம் இரண்டும் தூக்கிக்கொண்டு ஓடும். அதைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

க்ளாட் பஸ்டர் என்றால் இரண்டு மோட்டார். இரண்டையும் சேர்த்துத் தாங்குகிற ஸ்பீடு கன்ட்ரோலர் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வேண்டும். பேட்டரி வேகமாகக் காலியாகும். செலவு எல்லாவற்றிலும் ஏறும்.

தேரிக்காட்டான்:
எங்கள் பக்கம் வந்து லஞ்ச் பாக்ஸை ஓட்டிக் காட்டுங்கள். உடன்குடி, சாத்தான்குளம் தேரி மணலில் பின்சக்கர வண்டி நின்ற இடத்திலேயே குழி தோண்டும். முன்சக்கரம் சும்மா உருளுகிறது, பின்சக்கரம் மண்ணை வாரி இறைக்கிறது, வண்டி வயிறு தட்டி உட்கார்ந்துவிடுகிறது. நான்கு சக்கரமும் இழுத்தால்தான் செம்மணலில் வேலை நடக்கும்.

க்ளாட் பஸ்டரில் முன் அச்சில் ஒரு 540 அளவு மோட்டார், பின் அச்சில் ஒரு 540 மோட்டார். நடுவில் சுற்றும் தண்டே கிடையாது. அந்தந்த அச்சு அதனதன் மோட்டாரால் சுற்றுகிறது. நான்கு சக்கரமும் திரும்பும், அதனால் அவ்வளவு பெரிய வண்டி சின்ன வட்டத்தில் வளையும். அமெரிக்காவில் சாலிட் ஆக்ஸில் (இடது வலது சக்கரம் ஒரே விறைப்பான அச்சில் இருக்கும் வகை) மான்ஸ்டர் டிரக் போட்டிக்கு வண்டி கட்டுகிறவர்கள் எத்தனையோ வருடம் இந்த அச்சை வைத்தே கட்டினார்கள். 1987-ல் போட்ட வடிவத்துக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

வள்ளியூர் காற்றாலை:
நான் இரண்டு பேருக்கும் எதிர்க்கட்சி. மறுவெளியீடு என்ற பெயரில் விற்பது எண்பதுகளின் பொறியியல். லஞ்ச் பாக்ஸ் பெட்டியில் வருகிற ஷாக் அப்சார்பரில் எண்ணெயே கிடையாது, வெறும் ஸ்பிரிங்கும் உராய்வும்தான். வயல் வரப்பில் பந்து மாதிரி துள்ளும். க்ளாட் பஸ்டரில் ஸ்டியரிங் சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்) சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், உட்கார்ந்திருக்கிறது, அச்சோ தனியாக ஏறி இறங்குகிறது. மேட்டில் அச்சு ஏறும்போதெல்லாம் நீங்கள் திருப்பாமலேயே சக்கரம் திரும்பும். அதைச் சரிசெய்ய எல்லோரும் கடைசியில் சர்வோவை அச்சின் மேலேயே மாற்றுகிறார்கள்.

இன்றைக்கு லோசி கம்பெனியின் எல்எம்டி போன்ற வண்டிகள் இருக்கின்றன. சாலிட் ஆக்ஸில், எண்ணெய் ஷாக், பிரஷ் இல்லாத மோட்டார், எல்லாம் பெட்டியிலேயே. காசு கொடுத்தால் நல்ல வண்டி வர வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் பட்டபடி சொல்கிறேன். 1987-ல் நம் ஊரில் யாரிடம் இந்த வண்டி இருந்தது? நாம் ஓட்டியது நுங்கு வண்டி. வேறு நாட்டுப் பையன்களின் பால்யத்தை நாம் ஏன் பெரிய வரி கட்டி வாங்க வேண்டும்?

பேட்டை தூரிகை:
வள்ளியூர் தம்பி, நுங்கு வண்டியை யார் செய்தது? கடையில் வாங்கினோமா? நுங்கு தின்ற கோந்தை இரண்டை எடுத்து, குச்சியில் கோர்த்து, கவட்டைக் கம்பு தேடி வெட்டி, நாமே செய்தோம். கோந்தை கோணலாக இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், கழற்றித் திருப்பி மாட்டுவோம். ராமநதிக்கரை தம்பி கேட்பதும் அதைத்தான். மகனோடு கட்ட வேண்டும் என்கிறார். பெட்டியிலிருந்து எடுத்ததும் ஓடுகிற வண்டியை நீங்கள் முன்னால் வைக்கிறீர்கள்.

அப்புறம் பால்யம் யாருடையது என்ற கேள்வி. காட்டலாக்கைப் பார்த்து ஏங்கியவன் பால்யமும் பால்யம்தான். கையில் கிடைத்தவனைவிட அவனுக்குத்தான் அந்தப் படத்தின் ஒவ்வொரு ஸ்க்ரூவும் நினைவிருக்கும்.

நான் பெயின்ட் பக்கத்தை மட்டும் பேசுகிறேன். இந்த மூன்று வண்டிக்கும் உடம்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக். இப்போதைய வண்டிகளுக்கு வரும் பாலிகார்பனேட் கூடு மெல்லியது, வளையும், உடையாது. அதற்கு உள்பக்கமாகப் பெயின்ட் அடிக்க வேண்டும். ஏபிஎஸ் கனமானது, விழுந்தால் கீறும், சில சமயம் விரியும். ஆனால் கதவு இடுக்கு, கிரில், கைப்பிடி எல்லாம் புடைப்பாகத் தெரியும். வெளியே பிரைமர் அடித்துத் தேய்த்து, மேலே நிறம் கொடுக்கலாம். பையனுக்குக் கையில் செய்த திருப்தி இதில்தான் வரும். மான்ஸ்டர் பீட்டிலின் வளைவுகளுக்குப் பெயின்ட் அடிப்பது ஒரு சுகம். என் ஓட்டு அதற்கு.

பாளை ஸ்பானர்:
அக்கா, மான்ஸ்டர் பீட்டில் அழகு, மறுக்கவில்லை. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், அதனால் லஞ்ச் பாக்ஸைவிட அமைதியாகவும் ஓடும். ஆனால் அதன் அடிப்படை 1983-ல் வந்த ஃபிராக் பக்கியுடையது. கியர் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டின் அறுகோண முனை தேய்ந்து வழுக்குவது அந்தக் காலத்தில் பேர்போன வியாதி. மறுவெளியீட்டில் தண்டை மாற்றிவிட்டார்கள். எனவே பழைய பெட்டி எதையும் இணையத்தில் பார்த்து மயங்கி வாங்காமல், மறுவெளியீடு என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

தேரிக்காட்டானுக்கு: அண்ணாச்சி ஓட்டப்போவது கடையத்து வயலில். அங்கே தேரி எங்கே இருக்கிறது? அறுப்பு முடிந்த வயல் காய்ந்து இறுகிக் கிடக்கும். களம் சிமென்ட் தளம். பின்சக்கர வண்டிக்கு இதைவிட நல்ல தரை வேண்டுமா?

தேரிக்காட்டான்:
இறுகிய வயலில் அறுத்த தாள் நிற்கிறதே, அதை மறந்துவிட்டீர்கள். தாள்கட்டை மேல் சின்ன டயர் ஏறி இறங்கும்போது வேன் உடம்பு கவிழும். க்ளாட் பஸ்டரின் டயர் உயரமும் அகலமும் அதை மிதித்துக்கொண்டு போகும்.

வள்ளியூர் காற்றாலை:
வரி விஷயத்தை யாரும் தொடவில்லையே. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20-லிருந்து 60 சதவீதம் ஆனது. 2023-ல் 70. ரிமோட் கார் கிட்டை அந்தத் தலைப்பில் போட்டால் அனுப்பும் கூலிக்கும் சேர்த்தே கணக்கிடுவார்கள். க்ளாட் பஸ்டர் பெட்டி பெரியது, கூலியே கனம். இதற்கு மேல் சர்வோ, ரேடியோ, பேட்டரி, சார்ஜர் எல்லாம் தனி. டாமியா கிட்டில் அவை வராது.

நான் ஆசையைக் கெடுக்கவில்லை, அண்ணாச்சி. இவ்வளவு செலவழித்த பிறகு வரப்பில் துள்ளிக் கவிழ்கிற வண்டி உங்களுக்குக் கிடைக்கக் கூடாது என்ற அக்கறைதான்.

ராமநதிக்கரை:
அக்கறை புரிகிறது, தம்பி. செலவை ஒரே நாளில் செய்யப்போவதில்லை. கிட் முதலில், ரேடியோ அடுத்த மாதம் என்று பிரித்துக்கொள்ளலாம். எனக்கு உண்மையான குழப்பம் வேறு. ஓட்டுவதைவிடக் கட்டுவதில் எனக்கு ஆசை அதிகம். ஆனால் நான் கட்டி முடித்து அவன் பக்கத்தில் வேடிக்கை பார்த்தால் எதற்கு? அப்பாவும் மகனும் சேர்ந்து கட்ட எந்த வண்டி தோது?

தேரிக்காட்டான்:
இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் தேரி மணலை இவ்வளவு இறைத்திருக்க மாட்டேன்.

க்ளாட் பஸ்டரின் முன் அச்சும் பின் அச்சும் ஒரே அமைப்பு. அதே கியர் பெட்டி, அதே மோட்டார், சக்கரம் திரும்பும் மூட்டான அதே ஸ்டியரிங் நக்கிள். முதல் அச்சை நீங்கள் கட்டுங்கள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாகம் எடுத்துக் கொடுக்கட்டும். எந்தக் கியர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், கிரீஸ் எவ்வளவு தடவ வேண்டும், டிஃபரென்ஷியல் (வளைவில் இடது வலது சக்கரத்தை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்) எப்படி மூடும் என்று கண்ணால் பார்த்துவிடுவான். இரண்டாவது அச்சு முழுக்க அவனுடையது. நீங்கள் கட்டியது மேசை மேல் மாதிரியாக இருக்கும், சந்தேகம் வந்தால் அதைத் திருப்பிப் பார்ப்பான், உங்களைக் கேட்க வேண்டியதில்லை. லஞ்ச் பாக்ஸில் கியர் பெட்டி ஒன்றுதான். அதை நீங்கள் கட்டினால் அவனுக்கு இல்லை, அவன் கட்டினால் உங்களுக்கு இல்லை.

பேட்டை தூரிகை:
இது நல்ல காரணம். என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன். பீட்டில் வளைவு எங்கேயும் போய்விடாது.

பாளை ஸ்பானர்:
நான் மாற்றவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் பாதியில் சலித்து எழுந்துபோனால் இரண்டாவது அச்சு பெட்டியிலேயே கிடக்கும். சின்ன வண்டியை முடித்துக் கையில் கொடுத்தால் பெரிய வண்டிக்கு அவனே கேட்பான். ஆசை அப்படித்தான் வளரும்.

பேட்டை தூரிகை:
அவன் ஆசை வளரும், சரி. அப்பாவின் ஆசை? க்ளாட் பஸ்டர் படத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு லஞ்ச் பாக்ஸ் கட்டிய பிறகும் க்ளாட் பஸ்டர் ஆசை அப்படியே இருக்கும். இரண்டு வண்டிக் காசு போகும்.

வள்ளியூர் காற்றாலை:
கட்டுவதுதான் நோக்கம் என்றால் என் வாதத்தில் பாதியை நானே எடுத்துவிடுகிறேன். மீதிப் பாதி நிற்கிறது: பெட்டியில் வந்தபடியே கட்டினால் ஓட்டும்போது ஏமாற்றம் வரும். பேரிங், நல்ல சர்வோ இரண்டுமாவது முதலிலேயே போடுங்கள்.

தேரிக்காட்டான்:
சர்வோவில் ஒத்துக்கொள்கிறேன். அவ்வளவு பெரிய நான்கு டயரையும் ஒரே சர்வோ திருப்ப வேண்டும், மலிவான சர்வோவின் பல் உதிரும். ஆனால் அச்சின் மேல் சர்வோவை மாற்றுவது இப்போது வேண்டாம். முதலில் 1987-ன் வண்டி எப்படி ஓடியது என்று பையன் தெரிந்துகொள்ளட்டும். மேட்டில் தானாகத் திரும்புவதைப் பார்த்து ஏன் என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு விடை தேடி அவனே திருப்புளியை எடுத்தால் அதைவிட என்ன வேண்டும்?

வள்ளியூர் காற்றாலை:
அதில்தான் நாம் பிரிகிறோம். தெரிந்த குறையை ஏன் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும்?

தேரிக்காட்டான்:
தெரிந்த குறை நமக்கு. அவனுக்கு இன்னும் தெரியாது.

ராமநதிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. க்ளாட் பஸ்டர் என்று முடிவு செய்துவிட்டேன். ஆளுக்கு ஓர் அச்சு என்று சொன்னதும் மகன் பின் அச்சு தனக்கு என்று இப்போதே சொல்லிவிட்டான். ஸ்டியரிங் எப்படி வந்ததோ அப்படியே கட்டி ஓட்டிப் பார்க்கிறோம். இனி வாங்க வேண்டியதையும் கவனிக்க வேண்டியதையும் சொல்லுங்கள். பாளை தம்பி, நீங்களும் சொல்ல வேண்டும்.

பாளை ஸ்பானர்:
சொல்கிறேன், அண்ணாச்சி. முடிவு எடுத்த பிறகு வண்டி நன்றாக வர வேண்டும், அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் புஷ்ஷுக்குப் பதிலாகப் பால் பேரிங்கை கட்டும்போதே போட்டுவிடுங்கள். பிறகு போட வேண்டுமென்றால் இரண்டு கியர் பெட்டியையும் திறக்க வேண்டும். நம் ஊர்ப் புழுதியில் புஷ் சீக்கிரம் தேயும். டாமியா ஸ்க்ரூ ஜப்பானிய அளவு. சாதாரண நட்சத்திரத் திருப்புளி வழுக்கித் தலையைக் கெடுக்கும், ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) திருப்புளி ஒன்று வாங்குங்கள். பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே ஏற்றிய ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டும்போது முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். டக்கென்று பழைய மரையில் உட்காரும், அப்புறம் வலப்பக்கம். ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசையான லாக்டைட் இரும்போடு இரும்பு சேரும் இடத்தில் மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு விடும்.

ரேடியோவை இங்கேயே வாங்குங்கள். வெளியிலிருந்து வரவழைத்தால் வயர்லெஸ் கருவி என்று சுங்கத்தில் நிறுத்தலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் அந்தக் கால 27 மெகாஹெர்ட்ஸ் போல கிரிஸ்டல் மாற்றும் தொல்லை இல்லை. பேட்டரிக்குப் பையன் கையில் 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடே போதும். லித்தியம் பாலிமர் போட்டால் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் நிறுத்தும் வசதி கன்ட்ரோலரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டை தூரிகை:
பெயின்டைச் சாரல் தொடங்கும் முன்னால் முடித்துவிடுங்கள், தம்பி. கடையத்துக்கு ஆனி மாதம் ஈரக் காற்று வந்துவிடும், அதில் ஸ்ப்ரே அடித்தால் நிறம் வெள்ளையாகப் பூத்துப்போகும். சித்திரை வெயிலில் மத்தியானமும் வேண்டாம், துளி உடம்பில் படும் முன்னாலேயே காய்ந்து சொரசொரப்பாகும். காலையில், காற்று எழும்பும் முன்னால், மெல்லிய பூச்சாகப் பல தடவை அடியுங்கள்.

தேரிக்காட்டான்:
ஒன்று விட்டுப்போனது. ஒரே மாதிரி அச்சு இரண்டும் எதிரெதிராகத் திரும்பி உட்காருவதால், ஒரு மோட்டார் இன்னொன்றுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். வயர் இணைப்பைப் படம் பார்த்துச் சரியாகக் கொடுங்கள். தப்பாகக் கொடுத்தால் முன் அச்சு முன்னாலும் பின் அச்சு பின்னாலும் இழுக்கும், கியர் போய்விடும். முதல் தடவை பேட்டரி மாட்டும்போது வண்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, நான்கு சக்கரமும் ஒரே பக்கம் சுற்றுகிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்கிற வேலை பையனுடையது.