பாமினி, பேஜ்மேக்கர் ஃபைல்களோடு விண்டோஸிலிருந்து மேக்குக்கு மாறுவது: எதை முதலில் செய்வது?

கேள்வி: பக்கமூலை

வணக்கம். சிறு பதிப்பகத்துக்கான பக்க வடிவமைப்பு வேலை. இப்போதைய கணினி இன்டெல் 7ஆம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 ஏற்காது. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. எம்4 மேக் மினி (16 ஜிபி மெமரி, 256 ஜிபி சேமிப்பு) வாங்குவதாக முடிவாகிவிட்டது, எனவே "மேக் எதற்கு" என்ற விவாதம் வேண்டாம்.

கையில் இருப்பவை: என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் டிஸ்க் வடிவம்) வெளி ஹார்டு டிஸ்க்கில் சுமார் 400 ஜிபி, பழைய பேஜ்மேக்கர் 7 (பக்க வடிவமைப்பு மென்பொருள்) ஃபைல்கள், பாமினியில் (யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துரு) அடித்த வேர்டு ஃபைல்கள் ஏராளம். புதிய வேலையெல்லாம் யூனிகோடு, என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகை. அச்சகத்தில் விண்டோஸ்தான்.

எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும்? எது மாட்டிக்கொள்ளும்?

பதில் 1: கேபிள்காரன்

டிஸ்க்கிலிருந்து தொடங்குங்கள். மேக் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கும், அதில் எழுதாது. ஃபைல் திறக்கும், சேமிக்கப் போனால் முடியாது. காசு கொடுத்து வாங்கும் என்டிஎஃப்எஸ் மென்பொருள்கள் உண்டு. ஆனால் தினசரி வேலை செய்யும் டிஸ்க்கை அவற்றை நம்பி ஓட்ட வேண்டியதில்லை.

1 டிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். மேக்கில் டிஸ்க் யுட்டிலிட்டியைத் திறந்து, வியூ மெனுவில் 'ஷோ ஆல் டிவைசஸ்' கொடுத்து, மேலே தெரியும் முழு டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள் (உள்ளே இருக்கும் பகுதியை அல்ல). எரேஸ் கொடுத்து, வடிவமாக ஏபிஎஃப்எஸ் (மேக்கின் சொந்த டிஸ்க் வடிவம்), ஸ்கீமாக ஜியுஐடி பார்ட்டிஷன் மேப் தேர்ந்தெடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கையும் இதையும் ஒன்றாகச் செருகி நகலெடுத்தால் வேலை முடிந்தது. யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 எம்பி கொடுத்தால் 400 ஜிபிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் அதைவிடக் கூடுதல்.

அச்சகத்துக்குப் போய்வரும் பென்டிரைவை எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வையுங்கள், மேக், விண்டோஸ் இரண்டும் அதில் எழுதும். ஆனால் அதில் ஜர்னலிங் (மாற்றங்களை முன்பே குறித்துவைத்து டிஸ்க்கைக் காக்கும் வசதி) கிடையாது. எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் கடைசியாக எழுதியது மட்டுமல்ல, ஃபோல்டரே கெட்டுப்போகக்கூடும். அதனால்தான் வேலை டிஸ்க்குக்கு அது வேண்டாம் என்கிறேன்.

எம்4 மினியில் பழைய செவ்வக யுஎஸ்பி துளை ஒன்றுகூட இல்லை, எல்லாம் டைப் சி. பழைய கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ் மூன்றுக்கும் ஒரு ஹப் சேர்த்தே வாங்குங்கள். அச்சகம் ஏதாவது டாங்கிள் பூட்டு (யுஎஸ்பியில் ஒரு சாவியைச் செருகினால்தான் ஓடும்) உள்ள மென்பொருளைக் கேட்டால் அதற்கு மேக் பதிப்பு உண்டா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். மேக்கில் விண்டோஸை நேரடியாக நிறுவும் பூட் கேம்ப் ஆப்பிள் சிலிக்கானில் (எம்4 போன்ற ஆப்பிளின் சொந்த சிப்களில்) கிடையாது. மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ், யுடிஎம் போன்ற மென்பொருள்கள் வழியாக ஓடுவது ஆர்ம் வகை சிப்புக்கான விண்டோஸ் 11. சாதாரண மென்பொருள்களை அது எமுலேட் செய்து ஓட்டும். இன்டெல்லுக்கு எழுதிய டிரைவர்களை ஏற்காது, அதனால் டாங்கிள் ஓடாமல் போகலாம்.

பதில் 2: ஆய்த எழுத்து

பக்கமூலை சார், மேக்கைப் பிரிக்கும் முன்பே விண்டோஸில் முடிக்க வேண்டிய வேலைகள்தான் உங்களுக்கு முக்கியம். பழைய பெட்டியை உடனே விற்றுவிடாதீர்கள்.

முதலில் பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பு 7. இன்றைய மேக்கில் அது ஓடாது. அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும் வசதி சிஎஸ்6 பதிப்பு வரைதான் இருந்தது. மேக்கிலோ 2019இல் வந்த கேட்டலினா இயங்குதளப் பதிப்பு, சிஎஸ்6 இன்டிசைன் போன்ற 32 பிட் மென்பொருள்களையே நிறுத்திவிட்டது. ஆகவே உங்கள் விண்டோஸில் சிஎஸ்6 இருந்தால் ஒவ்வொரு புத்தகத்தையும் அங்கேயே திறந்து இன்டிசைன் ஃபைலாகச் சேமித்து, ஃபைல் மெனுவில் பேக்கேஜ் கொடுங்கள். படங்கள் 'லிங்க்ஸ்' ஃபோல்டரிலும் எழுத்துருக்கள் 'டாக்குமென்ட் ஃபான்ட்ஸ்' ஃபோல்டரிலும் சேர்ந்துவிடும். அந்த ஃபோல்டரை அப்படியே மேக்குக்குக் கொண்டுபோனால் இன்டிசைன் இரண்டையும் தானே கண்டுபிடிக்கும். பேக்கேஜ் செய்யாமல் போனால் டி டிரைவ் பாதையைத் தேடி ஒவ்வொரு படத்துக்கும் சிவப்புக் குறி காட்டும். கூடவே பேஜ்மேக்கரிலிருந்தே ஒரு பிடிஎஃப் எடுத்து வையுங்கள். வரி முறிவு நகர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட வேறு வழி இருக்காது.

அடுத்து எழுத்துரு. பாமினி என்ற பெயரிலேயே சிறு மாற்றங்களோடு பல பிரதிகள் உலவுகின்றன. இணையத்தில் புதிதாக இறக்கினால் ஓரிரு எழுத்து மாறி விழலாம். உங்கள் கணினியில் இருக்கும் அதே டிடிஎஃப் ஃபைலைத்தான் கொண்டுபோக வேண்டும். சி டிரைவில் விண்டோஸ் > ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் பார்த்தால் போதாது. தனிப் பயனருக்காக நிறுவிய எழுத்துருக்கள் உங்கள் பயனர் ஃபோல்டரில் ஆப்டேட்டா > லோக்கல் > மைக்ரோசாஃப்ட் > விண்டோஸ் > ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், எக்ஸ்புளோரரில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' போட்டால் தெரியும். மேக்கில் டிடிஎஃப்பை இருமுறை சொடுக்கினால் ஃபான்ட் புக் நிறுவிக்கொள்ளும். பழைய எழுத்துருவுக்கு எச்சரிக்கை வந்தால், நிறுவியபின் ஒரு பக்கத்தைத் திறந்து கூட்டெழுத்துகளையும் கிரந்தத்தையும் சரிபாருங்கள்.

பாமினியை யூனிகோடாக்குவது மூன்றாவது. எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை, மறுபதிப்பு வரும் புத்தகங்கள் போதும். முழு ஃபைலையும் யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருளில் ஒட்டினால் நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாகும். மாற்றிக்கு அது பாமினியா ஆங்கிலமா என்று தெரியாது, எழுத்துருவின் பெயர் மட்டுமே வித்தியாசம். வேர்டில் அட்வான்ஸ்டு ஃபைண்டில் ஃபார்மேட் > ஃபான்ட் என்று போய் பாமினி கொடுத்தால் அந்த எழுத்துருவில் உள்ள பகுதிகள் மட்டும் சிக்கும். அவற்றை மட்டும் மாற்றுங்கள். அடிக்குறிப்பு, தலைப்பட்டை, உரைப்பெட்டி மூன்றும் இந்தத் தேடலில் தப்பிவிடும், தனியாகப் பார்க்க வேண்டும்.

புதிய யூனிகோடு ஃபைல்களில் லதா, நிர்மலா பயன்படுத்தியிருந்தால் அவை விண்டோஸோடு வருபவை. மேக் தன் தமிழ் எழுத்துருவில் ஒன்றைப் போட்டுக்கொள்ளும், பக்க எண்ணிக்கை மாறும். இரண்டு பக்கமும் இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒன்றுக்கு மாறிக்கொள்வது நல்லது. இன்டிசைனில் யூனிகோடு தமிழ் உடைந்து தெரிந்தால் பத்தி அமைப்பில் கம்போசரை (எழுத்துகளை வரியில் அடுக்கும் முறை) 'வேர்ல்டு ரெடி' ஆக்குங்கள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் நின்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பதில் 3: கமாண்டு சி

தட்டச்சு பற்றி: என்.எச்.எம். ரைட்டர் மேக்கில் இல்லை, தேவையும் இல்லை. சிஸ்டம் செட்டிங்ஸ் > கீபோர்டு > இன்புட் சோர்சஸ் அருகில் எடிட் > கூட்டல் குறி > தமிழ். அங்கே தமிழ்99உம், ஆங்கில ஒலிப்படி அடிக்கும் அஞ்சல் விசைப்பலகையும் உண்டு. அதே ஜன்னலில் கேப்ஸ் லாக்கால் ஏபிசிக்கும் (ஆங்கிலம்) தமிழுக்கும் மாறும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். கன்ட்ரோல் ஸ்பேஸைவிட விரல் சீக்கிரம் பழகும்.

விண்டோஸ் கீபோர்டையே செருகினால் விண்டோஸ் கீ கமாண்டு ஆகும், ஆல்ட் ஆப்ஷன் ஆகும். மேக் கீபோர்டில் ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில் இருப்பது கமாண்டு. அந்த இடம் வேண்டுமென்றால் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் > மாடிஃபையர் கீஸில் இரண்டையும் இடம் மாற்றலாம். வரித் தொடக்கம், முடிவுக்கு கமாண்டுடன் இடது, வலது அம்பு. ஜன்னலின் சிவப்புப் புள்ளி மென்பொருளை மூடாது, கமாண்டு க்யூதான் மூடும்.

இனி சொல்வதுதான் ஆபத்தானது. விண்டோஸில் ஒரே பெயருள்ள ஃபோல்டர் மேல் இன்னொன்றை ஒட்டினால் இரண்டும் கலந்துவிடும். மேக்கின் ஃபைண்டரில் 'ரிப்ளேஸ்' கொடுத்தால் பழைய ஃபோல்டர் முழுவதும் போய்ப் புதியது மட்டும் நிற்கும். அட்டைப்படம் ஃபோல்டரில் 40 படம் இருக்க, திருத்திய 3 படத்தோடு அதே பெயரில் ஃபோல்டர் வந்து விழுந்தால் மிஞ்சுவது 3. ஃபோல்டரை இழுக்காதீர்கள், திறந்து உள்ளே உள்ள ஃபைல்களை மட்டும் நகலெடுங்கள். கட் செய்ய நினைக்கும் இடத்தில் கமாண்டு சி, ஒட்டும்போது கமாண்டு ஆப்ஷன் வி.

பக்கமூலை

டிஸ்க், பேக்கேஜ் இரண்டும் சரியாக வந்துவிட்டன. நன்றி. ஒரு சிக்கல்: மேக் வேர்டில் பாமினி ஃபைலைத் திருத்தும்போது வாக்கியத் தொடக்கத்தில் 'தமிழ்' அடித்தால் 'துமிழ்' விழுகிறது. எழுத்துருவில் கோளாறா?

ஆய்த எழுத்து

எழுத்துருவில் ஒன்றுமில்லை சார். பாமினியில் த என்பது சின்ன ஜே, து என்பது பெரிய ஜே. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி வேலை செய்கிறது. பழைய கணினியில் எப்போதோ நிறுத்தி வைத்திருப்பீர்கள், புதிய வேர்டில் மறுபடி உயிரோடு இருக்கிறது.

வேர்டில் டூல்ஸ் > ஆட்டோகரெக்ட். முதல் எழுத்துப் பெரிதாக்கத்தை எடுங்கள். அதற்கு மேலேயே இரண்டு பெரிய எழுத்து சேர்ந்து வந்தால் திருத்தும் வசதி இருக்கும், அதையும் கட்டாயம் எடுங்கள். துமிழ் கண்ணில் படும், இது படாது: பாமினியில் 'ஆகும்' என்பதற்குப் பெரிய எம், பெரிய எஃப், சின்ன கே, அரைப்புள்ளி. அந்த எஃப்பைச் சின்னதாக்கினால் 'ஆகம்' ஆகிவிடும். மெய்ப்பு பார்ப்பவருக்கும் தப்பும். 'ஆட்டோஃபார்மேட்' பக்கத்தில் வளைந்த மேற்கோளையும் நிறுத்துங்கள். அந்த இடத்தில் பாமினி வேறு வடிவம் வைத்திருக்கலாம்.

டெக்ஸ்ட்எடிட், மெயில் போன்றவற்றுக்கு இதேபோன்ற வசதிகள் சிஸ்டம் செட்டிங்ஸின் இன்புட் சோர்சஸ் ஜன்னலில் தனியாக இருக்கின்றன. அங்கேயும் அணைத்தால்தான் முழுதாக நிற்கும்.

கேபிள்காரன்

அச்சகத்துக்கு அனுப்புவது பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. ஃபைல் பெயரைத் தமிழில் வைத்தால் கொ, கோ, கௌ போன்றவற்றில் தகராறு வரும். யூனிகோடில் 'கோ'வின் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். மேக்கில் உருவாகும் ஜிப்பில் பெயர்கள் பிரிந்த வடிவில் போவதுண்டு. விண்டோஸில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், 'கோவை' என்று தேடினால் சிக்காது. அதே பெயரில் இரண்டு ஃபைல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவும் செய்யும். அச்சகத்துக்குப் போகும் ஃபைலுக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும் வையுங்கள். கேள்விக்குறி, நட்சத்திரக்குறி மேக் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது.

பென்டிரைவில் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்து அதே பெயரில் மேக் தானே உருவாக்கும் 4 கேபி துணை ஃபைல்கள் கூடவே போகும். அச்சகத்தில் அதைத் திறந்துவிட்டு "பிடிஎஃப் கெட்டுப்போச்சு" என்று போன் வரும். பெரிய அளவில் இருப்பதைத் திறக்கச் சொல்லுங்கள்.