புதுப்பிப்பு: பாட்டியோட பழைய வெள்ளி பிரேஸ்லெட்

போன வாரம் கேட்டிருந்தேன்ல, பாட்டியோட பிரேஸ்லெட் கறுத்துப் போயிருக்கு, கொக்கியும் நிக்க மாட்டேங்குது, பாலிஷ் போட்டுடலாமான்னு. போடாதீங்கன்னு சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, உங்களாலதான் தப்பிச்சுது.

லென்ஸ் வச்சுப் பார்த்தேன். உள்பக்கம் குட்டியா ஒரு நடக்குற சிங்கம், பக்கத்துல நங்கூரம், அப்புறம் ஒரு எழுத்து. சிங்கம்னா 92.5% வெள்ளி, நங்கூரம் இங்கிலாந்துல இருக்குற பர்மிங்ஹாம் ஊரோட முத்திரை, அங்க 1773லருந்து வெள்ளியைச் சோதிச்சு முத்திரை போடுறாங்க, அந்த எழுத்துதான் வருஷத்தைக் காட்டும், ஆனா அது பாதி தேஞ்சு கிடக்கு.

என்னை அசத்துனது அந்த இலை வேலைப்பாடுதான். ஒவ்வொரு கோடும் ஆரம்பத்துல மெலிசா இருந்து நடுவுல ஆழமாகி திரும்ப மெலிசாவே முடியுது, ரெண்டு இலை ஒரே மாதிரி இல்ல, அதாவது அச்சுல அடிச்சது இல்ல, யாரோ உளி பிடிச்சு கையாலயே வெட்டியிருக்காங்க. அந்தப் பள்ளத்துல தங்கியிருக்குற கருப்புதான் டிசைனையே எடுத்துக் காட்டுது! பாலிஷ் போட்டிருந்தா அதுவும் போயிருக்கும், கோடும் மழுங்கியிருக்கும்.

கொக்கி மேட்டர் சிம்பிள். உள்ள மடிச்சு வச்ச நாக்குத் தகடு ஸ்பிரிங் மாதிரி விரியணும், அது தளர்ந்து போயிருந்துச்சு. பழைய நகை ரிப்பேர் பண்றவர்கிட்ட குடுத்து, ஈயத்தை உருக்கி ஒட்டுற ஈயப் பத்து வேண்டவே வேண்டாம், வெள்ளியை வச்சு ஒட்டுற வெள்ளிப் பத்துதான்னு சொல்லி புது நாக்கு வச்சாச்சு, கூடவே ஒரு சேஃப்டி செயினும். இப்ப மூடுறப்ப டிக்குனு ஒரு சத்தம் வருது பாருங்க, அதுக்காகவே பத்து தடவை திறந்து மூடிட்டேன்.