சிஓபிடி: பஃப் அடித்தும் இளைப்பு குறையவில்லையே?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). இன்ஹேலரில் பஃப் அடித்தால் பாதி மருந்து வாயிலிருந்தே புகையாக வெளியேறுகிறது. ஆக்ஸிமீட்டரில் ரத்த ஆக்சிஜன் 90% காட்டும்போது வீட்டு ஆக்சிஜனைக் கூட்டி வைக்கலாமா?

பதில் 1: ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் பிளாஸ்டிக் குழாய்) இல்லாமல் அடிக்கிறார் போல. வாங்கிக் கொடுங்க. இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஒரே ஒரு பஃப் அடித்து, மெதுவா ஆழமா இழுத்து 10 நொடி அடக்கணும். அடுத்தது அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி. ரெண்டையும் சேர்த்து அடித்தால் மருந்து ஸ்பேசரிலேயே ஒட்டிக்கும். ஸ்பேசரை சோப்புத் தண்ணியில் அலசி அப்படியே காய விடுங்க. துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி, அடுத்த முறை மருந்தைப் பிளாஸ்டிக் இழுத்துக்கும். (பலர் சறுக்குவது இங்கேதான்.)

பதில் 2: ரோட்டாகேப் (கருவியில் போட்டு இழுக்கும் பவுடர் மருந்து கேப்ஸ்யூல்) என்றால் நேரெதிர்: வேகமா, பலமா இழுக்கணும். கருவிக்குள் ஊதக் கூடாது, பவுடர் ஈரமாகும். ஸ்டீராய்டு கலந்த மருந்தென்றால் வாய் கொப்பளித்துத் துப்பணும். இல்லேன்னா நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படரும்.

பதில் 3: ஆக்சிஜனை நீங்களா கூட்டாதீங்க. கார்பன் டை ஆக்சைடு தேங்கும் ஆபத்துள்ள சிஓபிடிக்காரருக்கு ஆக்ஸிமீட்டரில் 88–92% தான் வழக்கமான இலக்கு. டாக்டர் எழுதிய லிட்டர் அளவிலேயே இருக்கட்டும். காலைத் தலைவலி, பகல் தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி.